மூணாம் சரணத்துல ஒரு நிறுத்தம்

எங்க சபையில ஆயருக்கு வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு உண்டு. கோயில் மணி அடிக்கிறவருக்குக் காய்ச்சல்னா அவர் மச்சான் வந்து அடிப்பாரு. ஞாயிறு பள்ளி டீச்சருங்க முறை வெச்சுக்கிட்டு வருவாங்க. லீவே இல்லாத ஒரே ஜீவன், ஆர்கன் வாசிக்கிற நான்தான். சம்பளமும் கிடையாது. "இது வேலை இல்ல டீச்சர், ஊழியம்"னு செயலாளர் ஐயா சொல்லுவாரு. வேலையா இருந்தா ராஜினாமா பண்ணலாம். ஊழியத்துக்கு அந்த வசதி இல்ல.

ஆம்பூருக்கு என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்பவே மாமியார் நகையைப் பத்திக் கேக்கல. "பொண்ணு ஆர்கன் வாசிக்குமாமே?"ன்னுதான் கேட்டாங்க. எவ்ளோ பெரிய மனசுன்னு நான் பெருமைப்பட்டேன். புத்தி கெட்ட வயசு. கல்யாணம் ஆன அடுத்த ஞாயித்துக்கிழமை, மருதாணி கூட அழியல, அந்தக் கால்மிதி ஆர்கன் முன்னாடி கொண்டு போய் உக்கார வெச்சாங்க. எலி கடிச்ச துருத்தி. மிதிச்சா காத்து பாதி பாட்டுக்கு வரும், மீதிக்கு என் கெண்டைக்கால்தான் பொறுப்பு. வார நாள்ல ஸ்கூல்ல கணக்கு சொல்லித் தருவேன், ஞாயித்துக்கிழமை இங்க மிதிப்பேன். சைக்கிள் ஓட்டியிருந்தா அந்நேரம் காசிக்கே போயிருப்பேன்.

எங்க அம்மா, நான் பொறந்த ஊரான கலவையில தனியா இருந்தாங்க. அப்பா போய்ட்ட பிறகும் அந்த வீட்டை விட்டு வர மாட்டேன்னுட்டாங்க. டிசம்பர் பொறந்தா போதும், எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து கோயில் ஆபீசுக்குப் போன் வரும். "இந்த வருஷமாச்சும் வருவியா?"

நான் பத்து வயசுல ஹார்மோனியத்துல கை வெச்சவ. கலவை சபையில அப்போ வாசிக்க வேற ஆளே இல்ல. அன்னியிலேர்ந்து நான் முன்னாடி பெட்டிகிட்ட, அம்மா பின்னாடி பொம்பளைங்க பக்கம். கல்யாணம் ஆகி ஊரு மாறினாலும் என் இடம் மாறல. கிறிஸ்மஸ் அன்னிக்கு விடிகாலை ஆராதனை இங்க முடிஞ்சு, பஸ் மாறி மாறி நான் கலவைக்குப் போய்ச் சேந்தா, அங்க கோயிலைப் பூட்டிட்டு எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கிக்கிட்டு இருப்பாங்க. அம்மாவுக்கு வேண்டியது சாப்பாட்டுக்கு வர்ற மக இல்ல.

"உன்னைப் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டு ஒரே ஒரு கிறிஸ்மஸ் ஆராதனை பாக்கணும்டி. எல்லாரும் புள்ளைங்களோட நிக்கிறாங்க. நான் மட்டும் என் பொண்ணோட முதுகைப் பாத்துக்கினே கும்பிட்டுட்டு வந்தேன். இப்போ அந்த முதுகும் இல்ல" - இதுதான் அவங்க வருஷாந்திரப் பேச்சு. கடைசியில "அடுத்த வருஷம் இருக்கேனோ இல்லியோ"ன்னு முடிப்பாங்க. அதையும் வருஷா வருஷம் சொன்னதால நாங்க அதுக்குப் பயப்படறதை விட்டுட்டோம்.

செயலாளர் ஐயாகிட்ட லீவு கேட்டுப் பாத்திருக்கேன். ஆஸ்பத்திரி ஆபீஸ்ல பெரிய உத்தியோகம் பாத்து ரிட்டையர் ஆனவரு. யாருக்கு எந்த லீவு கிடையாதுன்னு அவருக்கு அத்துப்படி. "கர்த்தர் குடுத்த தாலந்தைப் புதைக்கலாமா டீச்சர்?"னு கேப்பாரு. வேதத்துல அந்தத் தாலந்து கதையில யாருமே அம்மா வீட்டுக்குப் போகணும்னு கேக்கலன்னு நானும் வாயை மூடிக்கிட்டு வந்துடுவேன்.

ரெண்டாயிரம் பொறந்த பிறகு ஒரு வருஷம், ஜெர்மனியில தோல் வியாபாரம் பண்ற எங்க ஊர்க்காரர் ஒருத்தர் சபைக்கு ஒரு டிஜிட்டல் பியானோ அனுப்பினாரு. தோல் ஏத்திக்கிட்டுப் போன கன்டெய்னர்ல திரும்பி வந்ததோ என்னவோ, பெட்டியைத் திறந்ததும் பதப்படுத்தின தோல் வாடைதான் வந்துச்சு. ஊரே அந்த வாடைதான், அதனால அது யாருக்கும் உறைக்கல. மிதிக்க வேணாம், கரண்ட்ல ஓடும். என் கெண்டைக்கால் தோத்திரம் சொல்லுச்சு.

அது முதுகுப் பக்கம் அஞ்சு ஓட்டை வெச்ச வட்டமான சாக்கெட் மூணு இருந்துச்சு. மிடி இன், மிடி அவுட், மிடி த்ரூ. கூட வந்த புஸ்தகம் முழுக்க ஜெர்மன். எங்க வீட்டுக்காரருக்கு ஷூ கம்பெனியில கம்ப்யூட்டரை வெச்சு ஷூ டிசைன் வெட்டற செக்ஷன்ல வேலை. சரக்கு வாங்கற ஜெர்மன்காரங்க அனுப்பற ஃபேக்ஸைப் பாத்துப் பாத்து அவருக்கு ஜெர்மன் தெரியும்னு ஒரு நெனப்பு. தெரிஞ்சதெல்லாம் அடித்தோல், மேல்தோல், குதிகால், லேஸ் ஓட்டை. பியானோவுக்கு இதுல ஒண்ணும் கிடையாதுன்னு புஸ்தகத்தைப் பாதி புரட்டின பிறகுதான் ஒத்துக்கிட்டாரு.

ஆனா ஒண்ணு கண்டுபிடிச்சாரு. அந்த வட்ட சாக்கெட் வழியா பியானோவைக் கம்ப்யூட்டரோட சேத்தா, நான் வாசிக்கிறதைக் கம்ப்யூட்டர் எழுதி வெச்சுக்கும். அப்புறம் நான் இல்லாமலே பியானோவை வாசிக்க வைக்கும்.

"நான் இல்லாமலா?"

"நீ வேணாம்மா. ஒரு பட்டன் தட்டினா போதும்."

எங்க கல்யாண வாழ்க்கையில அந்த மனுஷன் சொன்னதுலயே இனிப்பான வார்த்தை அதுதான்.

அடுத்த கமிட்டியில விஷயம் போச்சு. ராணிப்பேட்டைப் பக்கம் ஏதோ ஒரு சபையில கம்ப்யூட்டர்ல பாட்டு போடறாங்கன்னு செயலாளர் ஐயா காதுல ஏற்கெனவே விழுந்திருந்துச்சு. ராணிப்பேட்டையில ஒண்ணு இருந்து ஆம்பூர்ல அது இல்லன்னா அவருக்குத் தூக்கம் வராது. உடனே தீர்மானம் போட்டுட்டாரு. இந்தக் கிறிஸ்மஸ் கம்ப்யூட்டர் கிறிஸ்மஸ்.

சபை என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டுச்சு பாருங்க, அது தனிக் கூத்து. "பாவம் டீச்சர், இத்தனை வருஷம் வாசிச்சவங்களை ஒரு மெஷினு தள்ளிடுச்சே"ன்னு பொம்பளைங்க என் கையைப் புடிச்சிக்கிட்டு உச்சு கொட்டினாங்க. நானும் முகத்தைத் தொங்க வெச்சுக்கிட்டு, "என்ன பண்றது, காலம் மாறுது"ன்னேன். உள்ளுக்குள்ள கலவை பஸ் எத்தனை மணிக்குன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்த மெஷின் வேலை செய்யணும்னு அந்த ஊர்லயே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணவ நான் ஒருத்திதான். அன்னிக்கே அம்மாவுக்குச் சொல்லியும் விட்டுட்டேன். "இந்த வருஷம் வர்றேம்மா."

சொல்லிட்டேனே தவிர, அந்த மெஷினு லேசுல மசியற மெஷினா?

முதல்ல வயர். அஞ்சு முள்ளு வெச்ச வட்ட பிளக் வேணும்னு பஜார்ல ரேடியோ ரிப்பேர் பண்ற பாய்கிட்ட போனோம். "இன்னா மேடம், இது டேப் ரிக்கார்டர் வயரு. நம்மகிட்ட ஜாஸ்தி கீது"ன்னு எடுத்துக் குடுத்தாரு. அச்சா பொருந்துச்சு. சொருகினா ஒரு அசைவும் இல்ல. மாத்திச் சொருகிப் பாத்தோம், ஊதிப் பாத்தோம். செயலாளர் ஐயா ஜெபம் பண்ணிப் பாத்தாரு. வெளியில பாத்தா ரெண்டும் ஒரே பிளக், உள்ள வயரு போற வழி வேறன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. சம்பந்தம் பேசறப்ப பையனோட சட்டையை மட்டும் பாத்த கதை. வீட்டுக்காரர் கம்பெனி வேலையா மெட்ராஸ் போனப்ப ரிச்சி ஸ்ட்ரீட்ல அலைஞ்சு நிஜமான மிடி வயரை வாங்கிட்டு வந்தாரு.

அதோட மறு முனை, கம்ப்யூட்டர்ல கேம்ஸ் விளையாடற குச்சியைச் சொருகற இடத்துல போய் மாட்டணும். செயலாளர் ஐயா அதைக் கேட்டுட்டு ஆடிப் போய்ட்டாரு. "கோயில் பாட்டு, சூதாட்ட ஓட்டை வழியா வரணுமா?"ன்னாரு. சூதாட்டம் இல்ல ஐயா, கார் ஓட்டற விளையாட்டுன்னு வீட்டுக்காரர் சொன்னாரு. "எல்லாம் ஒண்ணுதான்"ன்னு முணுமுணுத்துக்கிட்டே, அந்த இடத்துல ஒரு ஜெபத்தைப் போட்டுட்டுதான் சொருக விட்டாரு.

அடுத்தது, வயரோட பியானோ பக்கத்து முனையில இன், அவுட்னு ரெண்டு பிளக், எதை எங்க சொருகறது. "இதுல என்ன யோசனை? இன்னுக்கு இன், அவுட்டுக்கு அவுட்"டுன்னு செயலாளர் ஐயா தன் கையாலேயே சொருகினாரு. ஒரு சாயங்காலம் முழுக்க பியானோவும் கம்ப்யூட்டரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்துச்சுங்க. எனக்குப் பொறுக்கல.

"ஐயா, அவுட்டுங்கறது வாய், இன்னுங்கறது காது. இவன் வாய் அவன் காதுக்குப் போகணும். வாய்க்கு நேரா வாயை வெச்சா எல்லாரும் பேசுவாங்க, யாரும் கேக்க மாட்டாங்க. நம்ம கமிட்டி மீட்டிங் மாதிரி."

வீட்டுக்காரர் இருமினாரு. செயலாளர் ஐயா வயரைப் பிடுங்கி மாத்திச் சொருகினாரு. பேசுச்சு. நான் ஒரு கட்டையை அமுக்கினா கம்ப்யூட்டர் திரையில ஒரு கோடு விழுந்துச்சு. எனக்கு ஒரே சந்தோஷம், அப்படியே எழுந்து கலவை பஸ் ஏறிடலாம்னு இருந்துச்சு.

சந்தோஷம் நெலைக்கணுமே. ஒரு தடவை அமுக்கினா ரெண்டு தடவை சத்தம் வந்துச்சு. பியானோ தானே ஒருக்கா பாடும், கம்ப்யூட்டர் அதைக் கேட்டுட்டு "பாடு"ன்னு திருப்பிச் சொல்ல, இன்னொருக்கா பாடும். மாமியார் சொன்னதையே நாத்தனாரும் சொல்ற மாதிரி. இதுக்கு "லோக்கல் ஆஃப்"னு ஒரு வைத்தியம் இருக்கு. பியானோவோட கட்டைக்கும் அதோட குரலுக்கும் நடுவுல உள்ள தொடர்பை அறுத்து விட்டுடணும். அப்போ கட்டை கம்ப்யூட்டர்கிட்ட மட்டும் பேசும், கம்ப்யூட்டர் சொன்னாதான் பியானோ வாயைத் திறக்கும். அதையும் பண்ணோம். சரியாச்சு. "யாரும் எதையும் தொடக் கூடாது, இருக்கறபடியே இருக்கட்டும்"னு செயலாளர் ஐயா உத்தரவு போட்டாரு. கம்ப்யூட்டர் மட்டும் கம்பெனியோட பழசு, இரவல், அது வீட்டுக்கு வந்துடுச்சு.

அது சனிக்கிழமை. மறுநாள் காலையில நான் உக்காந்து முதல் பாட்டுக்குக் கை வெச்சேன். ஒரு சத்தமும் இல்ல. பத்து விரலும் ஓடுது, விளக்கு எரியுது, பேச்சு மூச்சு இல்ல. சபை எழுந்து நிக்குது. ஆயர் என்னைப் பாக்கறாரு, நான் பியானோவைப் பாக்கறேன். அறுத்து விட்டதை யாரும் ஒட்ட வெக்கலன்னு எனக்கு அப்போ தோணவே இல்ல. பின் வரிசையில யாரோ "பிசாசு"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. வீட்டுக்காரர் ஆம்பளைங்க பக்கத்துலேர்ந்து ஓடி வந்து, சுவிட்சை அணைச்சுப் போட்டாரு. வந்துடுச்சு. "ஓடிப் போச்சு பாருங்க"ன்னாங்க பின் வரிசையில. பிசாசைத்தான் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கு அன்னியிலேர்ந்து சபையில ஒரு தனி மரியாதை.

இதோட விட்டிருந்தா பரவால்ல. செயலாளர் ஐயா பொண்ணு துபாய்ல இருந்து ஒரு கீபோர்டு அனுப்பியிருந்தா. வீட்டுல துணி போத்திக் கெடந்ததை எடுத்துட்டு வந்து, "இதையும் சேத்து விடுங்க, வயலின் சத்தம் இதுல வரட்டும், பியானோ அதுல வரட்டும். ஆர்க்கெஸ்ட்ரா"ன்னாரு. வேணாம்னா பொண்ணை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும். அதையும் அந்த 'த்ரூ' ஓட்டையிலேர்ந்து இழுத்து மாட்டினோம். ஒவ்வொரு பெட்டியும் எந்த சேனல்ல கேக்கணும்னு நாமதான் சொல்லணும். வீட்டுக்காரர் ஒரு நம்பரைப் போட்டாரு. அது டிரம்ஸுக்குன்னு ஒதுக்கின நம்பர்.

உருக்கமான ஒரு பாட்டை வாசிச்சேன். பியானோவுல பியானோ வந்துச்சு. துபாய் கீபோர்டுல ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு ஜால்ரா, ஒரு தட்டு, ஒரு விசில், நடுநடுவுல கைதட்டல். பாத்திரக் கடையில மாடு பூந்த மாதிரி. செயலாளர் ஐயா கடைசி வரைக்கும் கண்ணை மூடிக் கேட்டுட்டு, "கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி, மத்தபடி நல்லா இருக்கு"ன்னாரு. பொண்ணு அனுப்பினதாச்சே. வீட்டுக்காரர் சத்தமில்லாம அந்தக் கீபோர்டோட வயரை மட்டும் உருவி விட்டுட்டு, விளக்கை எரிய விட்டாரு. "இப்போ வயலின் எவ்ளோ மெதுவா, இனிமையா வருது பாத்தீங்களா?"ன்னு செயலாளர் ஐயா எல்லாருக்கும் சொன்னாரு. வந்த வரைக்கும் லாபம்னு விட்டுட்டோம்.

ரிக்கார்டிங் வெச்சது கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை. கம்பெனி கம்ப்யூட்டரை அன்னிக்கு சாயங்காலமே திருப்பிக் குடுத்துட்டு, கிறிஸ்மஸ் லீவுல மறுபடியும் வாங்கணும். அதனால எல்லாப் பாட்டையும் ஒரே மூச்சுல முடிக்கணும்.

செயலாளர் ஐயா காலையிலயே வந்து கோயிலை வளைச்சுக்கிட்டாரு. ஃபேனை எல்லாம் நிறுத்தினாரு. வேப்பமரத்துக் காக்காயைக் கல்லெடுத்து விரட்டினாரு. கேட்டுல ஒரு ஆளைப் போட்டு ஸ்கூட்டர்ல வர்றவங்களை எஞ்சினை நிறுத்தித் தள்ளிக்கிட்டுப் போகச் சொன்னாரு. என்னை வளையலைக் கழட்ட வெச்சாரு.

"ஐயா, இது டேப் ரிக்கார்டர் இல்ல"ன்னாரு வீட்டுக்காரர். "இது சத்தத்தையே புடிக்காது. எந்தக் கட்டை, எப்போ அமுக்கினது, எவ்ளோ அழுத்தி, எப்போ எடுத்தது, அவ்ளோதான் எழுதிக்கும். நீங்க பக்கத்துல வெடி போட்டாலும் அதுக்குத் தெரியாது."

"சத்தத்தைப் புடிக்காதா? அப்போ பாட்டு எங்க இருக்கு?"

"பாட்டு உள்ள இல்ல ஐயா. டீச்சர் கை போன கணக்கு மட்டும்தான் இருக்கு."

செயலாளர் ஐயா என் கையில வளையல் இருக்கான்னு பாத்தாரு. "இருக்கட்டும், எதுக்கும் வளையலைக் கழட்டியே வைங்க"ன்னாரு. ஃபேனும் போடல. வேர்த்து ஊத்திக்கிட்டே வாசிச்சேன்.

நான் கம்ப்யூட்டருக்கு வாசிக்கல, சபைக்குத்தான் வாசிச்சேன். எங்க சபை எப்படிப் பாடும்னு எனக்குத்தானே தெரியும். முதலடி முடிஞ்சா பொம்பளைங்க பக்கம் மூச்சு வாங்கும், அங்க நின்னேன். பல்லவிக்குத் திரும்பறப்ப பின் வரிசைப் பெரியவங்க ரெண்டு எட்டு பின்னாடி வருவாங்க, காத்திருந்து கூட்டிக்கிட்டு வந்தேன். காணிக்கைப் பாட்டுல பை முன்னாடி வந்து சேர்ற வரைக்கும் இழுக்கணும், அதனால ஒரு சரணம் ஜாஸ்தியாவே போட்டேன். ரெண்டாவது பாட்டுல ஒரு கட்டை தப்பாச்சு. வீட்டுக்காரர் "அதை மட்டும் வெட்டிடறேன்"னு ஏதோ தட்ட, அந்தப் பாட்டே காணாமப் போச்சு. மறுபடியும் வாசிச்சேன். "இனிமே எதையும் வெட்டாதீங்க, தப்போ ரைட்டோ இருக்கட்டும்"னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

கடைசியா இருந்தது விடிகாலை ஆராதனையோட பெரிய பாட்டு. எங்க சபைக்கு அதுதான் கிறிஸ்மஸ். நாலு சரணம். மூணாவது சரணத்துல ரெண்டாவது அடி பாதியில இருக்கேன், பக்கத்து ஆபீஸ் ரூம்ல போன் அடிச்சுது.

காக்காயை விரட்டின மகான், போன் ரிசீவரை எடுத்துக் கீழ வைக்க மறந்துட்டாரு. அடிச்சுப் புடிச்சு ஓடினாரு. ரிக்கார்டிங் கெட்டுடுமேன்னு போன்ல குசுகுசுன்னு, "யாரு... யாரு பேசறது?"ன்னாரு. அப்புறம் கதவுகிட்ட தலையை நீட்டி, சத்தமே இல்லாம வாயை மட்டும் அசைச்சு, "கலவை. உங்கம்மா"ன்னாரு. நான் வாசிச்சுக்கிட்டேதான் இருந்தேன்.

"டீச்சர் வேலையா இருக்காங்க... வேலையா... இல்லம்மா, வேலையா..." அம்மாவுக்குக் காது கொஞ்சம் கம்மி. எதிர்ப்பக்கம் குரல் ஏறுறது எனக்கே கேட்டுச்சு. "வர மாட்டாளா? அதைச் சொல்லத்தான் சுத்தி வளைக்கிறீங்களா? பரவால்ல, வர மாட்டாள்னா சொல்லிடுங்க."

அந்தக் குரல் எனக்குத் தாங்கல. கையைக் கட்டையிலேர்ந்து எடுத்துட்டேன். இருந்த இடத்துலேர்ந்தே கத்தினேன். "வர்றேம்மா! நிச்சயமா வர்றேன்! நீ வெச்சுடு!"

அந்தக் காலியான கோயில்ல அது மேல போய் முட்டித் திரும்பி வந்துச்சு. செயலாளர் ஐயா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. நான் விட்ட ஸ்வரத்துலேர்ந்து புடிச்சு, மிச்சத்தை வாசிச்சு முடிச்சேன்.

"போச்சு! கத்தினது எல்லாம் பதிஞ்சிருக்கும்"னாரு செயலாளர் ஐயா. வீட்டுக்காரர் போட்டுக் காட்டினாரு. மூணாம் சரணம் வந்துச்சு, ரெண்டாம் அடி பாதியில நின்னுச்சு, ஒண்ணுமில்ல, அப்புறம் தொடர்ந்துச்சு. என் குரல் துளி கூட இல்ல.

"இன்னொருக்கா வாசிச்சிடேன்"னாரு வீட்டுக்காரர். அந்நேரம் பாத்து கரண்ட் போச்சு. நல்ல வேளை, பாட்டை அதுக்குள்ள பத்திரப்படுத்தி வெச்சிருந்தாரு. கரண்ட் வந்தப்போ கம்பெனிக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டு போற வண்டி வாசல்ல நின்னுச்சு. "சின்ன நிறுத்தம்தானே, யாருக்குத் தெரியப் போவுது"ன்னு வீட்டுக்காரர் கம்ப்யூட்டரைக் கட்டி வண்டியில ஏத்திட்டாரு.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் நான் மட்டும் கலவை பஸ் ஏறினேன். வீட்டுக்காரர் பட்டன் தட்டறதுக்காக ஆம்பூர்லயே இருந்துட்டாரு.

விடிகாலையில அம்மாவும் நானும் கோயிலுக்குப் போனோம். வாசல்லயே கலவை ஆயர் என்னைப் பாத்துட்டு முகம் மலர்ந்து, "நல்லதாப் போச்சு, ஹார்மோனியத்துக்கு ஆளே இல்ல, வாங்க"ன்னாரு. நான் ரெண்டு எட்டு பின்னாடி போனேன். அம்மா குறுக்க வந்து நின்னாங்க. "இன்னைக்கு அவ வாசிக்க மாட்டா ஆயரே. அவ வாசிக்கிறவளா வரல, என் பொண்ணா வந்திருக்கா." என் முழங்கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்ப் பொம்பளைங்க பக்கம் நிறுத்திக்கிட்டாங்க. ஆராதனை முடியற வரைக்கும் அந்தப் பிடி தளரல.

பாட்டு ஆரம்பிச்சுது. அப்போதான் எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சுது. எங்க அம்மாவுக்கு சுருதின்னா என்னன்னே தெரியாது. ஐயோ, அப்படி ஒரு குரல்! எல்லாரும் ஒரு பக்கம் போனா அம்மா இன்னொரு பக்கம், அதுவும் கோயில் அதிர. இத்தனை வருஷம் நான் முன்னாடி உக்காந்து வாசிச்சுக்கிட்டு இருந்ததால அது என் காதுல விழவே இல்ல. சிரிப்பை அடக்கப் பாத்தேன், அது அழுகையாயிடுச்சு. அம்மா பாட்டை நிறுத்தாம முந்தானையால என் முகத்தைத் துடைச்சு விட்டாங்க. நானும் சேந்து தப்பாவே பாடினேன். என் வாழ்க்கையில நான் சந்தோஷமாக் கும்பிட்ட கிறிஸ்மஸ் அதுதான்.

ஊருக்குத் திரும்பினதும் வீட்டுக்காரர் கதை சொன்னாரு. எல்லாப் பாட்டும் நல்லாப் போயிருக்கு. மெஷினு நமக்காக நின்னு நின்னு வருதேன்னு சபைக்கே ஆச்சரியம். பெரிய பாட்டுல மூணாம் சரணம், ரெண்டாம் அடி பாதியில பியானோ நின்னுருக்கு. ஆனா மத்த இடத்துல நின்ன மாதிரி இதுவும் ஒரு ஏற்பாடுன்னு நெனச்சு, மொத்த சபையும் வார்த்தையைப் பாதியில விட்டுட்டு அப்படியே நின்னுருக்கு. ஒரு குழந்தை கூட அழல. அப்புறம் பியானோ தொடங்க, எல்லாரும் தொடங்கியிருக்காங்க. பிரசங்கத்துல ஆயர், "அந்த நிறுத்தத்துல நான் தேவ பிரசன்னத்தை உணர்ந்தேன்"ன்னாராம். "நாங்க யோசிச்சு வெச்சதுதான்"னு செயலாளர் ஐயா அடக்கமாச் சொல்லிக்கிட்டாராம். எனக்கு வந்த சிரிப்புல அந்த வாரம் முழுக்க அவர் முகத்தை நேராப் பாக்க முடியல.

ஆகஸ்ட் மாசம் அம்மா போய்ட்டாங்க. உடம்புக்கு ஒண்ணுமில்ல, மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவங்க எழுந்திருக்கல. "அடுத்த வருஷம் இருக்கேனோ இல்லியோ"ன்னு வருஷா வருஷம் சொன்னவங்க, அந்த டிசம்பர்ல மட்டும் அதைச் சொல்லல. வருவேன்னு நான் சொல்லிட்டதால மறந்துட்டாங்க போல.

அதுக்கப்புறம் கிறிஸ்மஸுக்கு எனக்குப் போறதுக்கு ஊரும் இல்ல, லீவும் வேணாம். கம்பெனியும் அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டுடுச்சு. பாட்டெல்லாம் அதோட போச்சு. செயலாளர் ஐயா கவலைப்படல. "அதான் டீச்சர் இருக்காங்களே"ன்னாரு.

அந்த வருஷ விடிகாலை ஆராதனையில நானே வாசிச்சேன். பெரிய பாட்டு வந்துச்சு. எனக்கு வேற நெனப்பு எதுவும் இல்ல, சீக்கிரம் முடிச்சுட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துடணும்னு இருந்தேன். மூணாம் சரணம், ரெண்டாம் அடி. பாதியில சபை நின்னுடுச்சு. அத்தனை பேரும், ஆம்பளைங்க பக்கம், பொம்பளைங்க பக்கம், பின் வரிசை எல்லாம். நான் மட்டும் நாலு ஸ்வரம் தனியா ஓடிட்டுத் திடுக்குன்னு கையை எடுத்தேன். செயலாளர் ஐயா முன் வரிசையிலேர்ந்து என்னைப் பாத்து முறைச்சாரு. பாட்டு தெரியாதா உங்களுக்குங்கற முறைப்பு.

அவங்க நின்னது அன்னிக்கு நான் நின்ன அளவு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஒரு தடவை கேட்டதை அப்படியே வெச்சிருந்தாங்க. அந்த நிறுத்தத்துக்குள்ள என்ன இருந்துச்சுன்னு சபைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

சத்தமில்லாமதான் சொன்னேன். "வர்றேம்மா. நிச்சயமா வர்றேன். நீ வெச்சுடு."

சொல்லி முடிக்கவும் நேரம் சரியா இருந்துச்சு. கையை வெச்சேன், எல்லாரும் விட்ட இடத்துலேர்ந்து பாடினாங்க.